டைனமோவைக் கழற்றி அல்டனேற்றர் பூட்டுதல்: பழைய லொறி வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



விளைவிப்பது ஒரு வேலை, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையில்தான் நமது உழைப்பில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. தெல்தெனியப் பக்கத்து மக்களுக்கு இது புதிதல்ல. 1984 இல் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் தோட்டங்களும் நீருக்குள் போயின. சிலர் மேட்டில் அமைந்த புதிய நகருக்கும் திகன பக்கத்துக்கும் ஏறினர். பலர் கிராந்துருக்கோட்டைப் பக்கம் மகாவலி சீ வலயத்தில் காணி பெற்றுப் போயினர். அன்றிலிருந்து ஒரே குடும்பத்தின் ஒரு கிளை மலையிலும் மற்றக் கிளை கீழே சமவெளியிலுமாக இருக்கிறது. இரண்டையும் இணைப்பது கண்டி - மகியங்கனை வீதியும், அதில் ஓடும் பழைய லொறிகளும்தான்.

பழைய லொறி என்று ஏளனமாகச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது விலை எமது கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகையால் தாத்தா காலத்துப் பெட்போர்டும் ஒஸ்ரினும் இன்னும் மூட்டை சுமக்கின்றன. பெட்போர்ட் ஜே வகை லொறி இங்கிலாந்தில் 1958 இல் வெளிவந்தது. அதன் சாசியும் கியர்ப்பெட்டியும் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கலாம். தாங்காதது அதன் மின்சார ஏற்பாடு. இந்த இதழில் அதைப் பற்றியே பேசப்போகிறோம்.

எமது குழுவின் லொறிக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஹசலக்கப் பக்கத்தில் போஞ்சியும் கறிமிளகாயும் ஏற்றிக்கொண்டு, விடியற்காலைச் சந்தையைப் பிடிப்பதற்காக இரவில் கண்டிக்குப் புறப்பட்டோம். மழை. பதினெட்டு வளைவில் மேலிருந்து வந்த பஸ்ஸுக்கு வழிவிட ஓரமாக நிறுத்தினோம். ஹெட்லைட் எரிகிறது, வைப்பர் ஓடுகிறது, இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. சற்று நேரத்தில் வெளிச்சம் மஞ்சளாகி, வைப்பர் பாதி வழியில் நின்று, இன்ஜினும் அணைந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தம் மட்டுமே. மூட்டை ஏற்றிய லொறியை மேட்டில் தள்ளவும் முடியாது. உடன் வந்த ஒருவர், பின்பக்கமாக உருளவிட்டு ரிவேர்ஸ் கியரில் ஸ்டார்ட் எடுக்கலாம் என்றார். "பாதர், இந்த வளைவில நான் அதைச் செய்யமாட்டன். இன்ஜின் ஓடாட்டி பிரேக்கும் சரியா பிடிக்காது" என்று சாரதி அண்ணன் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததால்தான் இதை எழுத நாம் இருக்கிறோம். காலையில் வேறொரு லொறிக்காரர் பற்றரி தந்து உதவிய பின், ஒன்பது மணிக்குமேல் கண்டியை அடைந்தோம். அப்போது போஞ்சி விலை விழுந்திருந்தது.

பற்றரி பழுது என்று நினைத்துப் புதிய பற்றரி வாங்கினோம். மூன்று வாரத்தில் அதுவும் அதே கதியானது. கோளாறு பற்றரியில் இருக்கவில்லை, அதற்கு மின் ஊட்டும் பாகத்தில் இருந்தது.

டைனமோவால் ஏன் முடியவில்லை

லொறி ஓடும்போது பற்றரியை நிரப்புவதற்கு இன்ஜினோடு பான்பெல்ட்டால் சுழலும் ஒரு பாகம் உண்டு. பழைய லொறிகளில் அது டைனமோ. நீண்ட உருளை வடிவானது. பிரித்தானிய லொறிகளில் பெரும்பாலும் லூக்கஸ் கம்பெனி செய்தது இருக்கும். சீ 40 என்ற பரவலான லூக்கஸ் டைனமோ 22 அம்பியர் தரும். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது மட்டுமே. இன்ஜின் சும்மா நின்று சுற்றும்போது அது தருவது ஒன்றுமில்லை எனலாம்.

ஒரு சிறிய கணக்குப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டுக்கும் தலா 45 வோட், சேர்த்து 90. முன்பின் சிறு விளக்குகளுக்கு 30. வைப்பருக்கு ஏறத்தாழ 36. பெற்றோல் இன்ஜினின் கொயிலுக்கு 40. மொத்தம் 196 வோட். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 16 அம்பியருக்குச் சற்றுக் கூட வரும். வேகமாக ஓடினால் 22 இல் 6 அம்பியர் மிஞ்சி பற்றரிக்குப் போகும். மெதுவாக ஊர்ந்தால், நின்றால், 16 உம் பற்றரியிலிருந்தே போகும். இப்போது நமது இளைஞர்கள் செய்வதுபோல 60 வோட் ஹலஜன் பல்பும் 55 வோட் மூடுபனி விளக்கு இரண்டும் பூட்டினால் தேவை 28 அம்பியர். டைனமோ முழுவேகத்தில் சுழன்றாலும் கடன்தான். உன்னஸ்கிரியப் பக்கத்து மூடுபனியில் விளக்கை அணைத்துவிட்டு ஓடும்படி யாருக்கும் நாம் சொல்லமாட்டோம்.

டைனமோவை இன்னும் வேகமாகச் சுழற்றினால் என்ன என்று கேட்கலாம். நல்ல கேள்வி. டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் பாகத்தில். அந்தச் செம்புச் சுருள் பாரமானது. அளவுக்கு மீறிச் சுழற்றினால் காடிகளிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பிறக்கும் மின்சாரம் முழுவதும் சுழலும் செம்புத் துண்டுகளிலிருந்து காபன் வழியாக உராய்ந்து வெளியேற வேண்டியிருப்பதால் அங்கும் தீப்பொறியும் தேய்மானமும் ஏற்படும்.

அல்டனேற்றர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. அதில் மின்சாரம் பிறக்கும் பாரமான சுருள் அசையாமல் வெளியே சுற்றிவர இருக்கிறது. உள்ளே சுழல்வது காந்தம் மட்டுமே. அந்தக் காந்தத்தை உயிர்ப்பிக்க இரண்டு, மூன்று அம்பியர் மாத்திரம் காபன் வழியாகப் போகிறது. ஆகையால் அதை டைனமோவை விட அதிக வேகமாகச் சுழற்றலாம். சிறிய கப்பி பூட்டலாம். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே அது மின் தரத் தொடங்கிவிடும்.

இதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போகத் தேவையில்லை. விக்டோரியா மின்நிலையத்தில் 70 மெகாவோட் வீதம் மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. நமது வயல்களை மூடிய அந்த நீர்தான் அவற்றைச் சுழற்றுகிறது. அங்கும் உள்ளே காந்தம் சுழல்கிறது, வெளியே அசையாத சுருளில் மின் பிறக்கிறது. லொறியில் பூட்டப்போகும் தேங்காயளவு பாகத்தின் தத்துவமும் அதுவே. வித்தியாசம் யாதெனில், அங்கு பிறக்கும் ஆடலோட்டம் அப்படியே கம்பியில் ஏறி வீடுகளுக்குப் போகிறது. பற்றரிக்கு ஆடலோட்டம் ஆகாது. ஒரே திசையில் ஓடும் மின்தான் வேண்டும். அதற்காக அல்டனேற்றருக்குள் டயோட் என்னும் சிறு பாகங்கள், வழக்கமாக ஆறு, இருக்கின்றன. டயோட் ஒருவழிக் கதவு போன்றது. பாயும் மின்னை ஒரே திசைக்குத் திருப்புவதோடு, பற்றரியிலிருந்து மின் திரும்பி ஓடாமலும் தடுக்கிறது. ஆகையால் டைனமோவுக்குத் தேவைப்பட்ட கட்அவுட் பெட்டி இதற்குத் தேவையில்லை. மலிவான சிலிக்கன் டயோட் வந்த பின்னரே இது வாகனங்களுக்குப் பரவியது. 1960 இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனி தனது வலியன்ட் காரில் அல்டனேற்றரைப் பொருத்தியது. பிரித்தானிய வாகனங்களுக்கு அது வந்துசேர மேலும் சில ஆண்டுகள் சென்றன.

மாற்றுவதற்கு முன்

பணத்தைச் செலவழிக்க முன்னர் உங்கள் டைனமோ உண்மையிலேயே போதாமல் இருக்கிறதா, அல்லது பராமரிப்பு இல்லாமல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். பான்பெல்ட் தளர்ந்திருக்கலாம். இன்ஜினையும் சாசியையும் இணைக்கும் எர்த் பட்டி துருப்பிடித்திருக்கலாம். காபன் தேய்ந்திருக்கலாம். டைனமோவில் இரண்டு வயர்கள் உண்டு. தடித்தது டீ, மெல்லியது எப். இரண்டையும் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் ஒன்றாக இணைத்து, அதற்கும் உடலுக்கும் இடையே வோல்ட்மீற்றரைப் பிடியுங்கள். இன்ஜினைச் சாதுவாக வேகம் கூட்டினால் வோல்ட் ஒழுங்காக ஏற வேண்டும். 20 ஐத் தாண்ட விடாதீர்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் காபனைப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் வெளிச்சுருளிலும், நாலைந்து வோல்ட்டில் நின்றால் சுழலும் சுருளிலும் கோளாறு இருக்கலாம். பகலில் மட்டும் பக்கத்துச் சந்தைக்கு ஓடும் லொறிக்கு, திருத்திய டைனமோ போதும். கடன் எடுத்து மாற்றத் தேவையில்லை.

இரவில் மலையேறும் லொறிக்கு மாற்றுவதே நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

நேர்முனையா, மறைமுனையா

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். எல்லா வாகனங்களிலும் பற்றரியின் ஒரு முனை சாசியில் பூட்டப்பட்டிருக்கும். இதையே எர்த் என்கிறோம். இன்றைய வாகனங்களில் மறைமுனை எர்த். ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனையே எர்த். இன்று கிடைக்கும் அல்டனேற்றர்கள் யாவும் மறைமுனை எர்த்துக்குச் செய்யப்பட்டவை எனலாம். நேர்முனை எர்த் உள்ள லொறியில் அப்படியே பூட்டினால் கண்மூடித் திறக்கமுன் டயோட்கள் கருகும், வயரும் தீப்பிடிக்கலாம்.

யாரிடமும் கேட்டு நம்பாதீர்கள். பொனெற்றைத் திறந்து, சாசிக்குப் போகும் கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். முன்னைய சொந்தக்காரர் மாற்றியிருக்கவும் கூடும். நேர்முனை எர்த் எனில், பற்றரியைத் திருப்பிவைத்து இணைக்க வேண்டும். பற்றரியின் நேர்முனைத் தலை மறைமுனையை விடச் சற்றுத் தடிப்பானது. ஆகவே பழைய கவ்விகள் சரியாகப் பொருந்தா. பொருந்தாத கவ்வியைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல் புதிய கவ்விகள் வாங்குங்கள். அம்பியர் மீற்றரின் இரு வயர்களையும் இடம் மாற்றுங்கள். பெற்றோல் இன்ஜின் எனில் கொயிலின் இரு சிறு வயர்களையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் இன்ஜின் ஓடும், ஆனால் பொறி பலவீனமாக இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை, அது முன்னைய திசையிலேயே சுற்றும். ரேடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள்.

எதை வாங்குவது

கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் கண்டிப் பக்கத்துப் பழைய பாகக் கடைகளிலும் யப்பானியக் கார்களிலிருந்து கழற்றிய அல்டனேற்றர்கள் கிடைக்கின்றன. ரெகுலேற்றர் உள்ளேயே இருக்கும் வகையைக் கேளுங்கள். 40 முதல் 55 அம்பியர் வரை தருவது தாராளமாகப் போதும். 90 அம்பியர் என்று பெருமைக்கு வாங்கினால் ஒற்றைப் பெல்ட் இழுக்காது, வழுக்கிக் கருகும்.

ஒரு கடையில் எமக்கு நல்ல பெரிய அல்டனேற்றர் ஒன்றை மலிவாகத் தந்தார்கள். கொண்டுவந்து துடைத்துப் பார்த்தால் 24 வோல்ட். சிறிய யப்பானிய லொறிகள் பல 24 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றின் பாகங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. தகட்டில் 12 வோல்ட் என்று இருப்பதை வாசித்த பின்னரே காசு கொடுங்கள். தகடு இல்லாததை வாங்க வேண்டாம். (உங்கள் லொறியே இரு பற்றரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லொறி எனில் அதற்கேற்றதை வாங்க வேண்டும்.)

கப்பியையும் பாருங்கள். பழைய லொறியின் பெல்ட் அகலமானது, கார் அல்டனேற்றரின் கப்பி ஒடுங்கியது. பலர் டைனமோவின் பெரிய கப்பியைக் கழற்றி அல்டனேற்றரில் மாட்டிவிடுகிறார்கள். பெல்ட் பொருந்தும், ஆனால் அல்டனேற்றர் பழைய டைனமோவின் வேகத்திலேயே சுழலும். அப்படியானால் மாற்றியதன் பயனில் பாதி போய்விடும். அகலமான, ஆனால் விட்டம் சிறிய கப்பி ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து எடுப்பது நல்லது. தாங்கியையும் அங்கேயே செய்விக்கலாம். மூன்று கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நேரான மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். சரிந்து நின்றால் பெல்ட் மாதத்துக்கு ஒன்று போகும்.

வயர் இணைப்பு

வேலை தொடங்கமுன் பற்றரியின் இரு கேபிள்களையும் கழற்றிவிடுங்கள்.

அல்டனேற்றரின் பின்னால் தடித்த போல்ட் முனை ஒன்று இருக்கும். அது பீ. மின் வெளியேறும் வாசல் அதுவே. அங்கிருந்து ஸ்டார்ட்டர் சுவிட்சில் பற்றரிக் கேபிள் வந்து சேரும் முனைக்குப் புதிய தடித்த வயர் இழுங்கள். டைனமோவின் பழைய வயர் 22 அம்பியருக்கு மட்டும் போடப்பட்டது. அதில் 45 அம்பியரை ஓடவிட்டால் உறை உருகும். வயர் குறைந்தது 6 சதுர மில்லிமீற்றர் இருக்க வேண்டும். 10 என்றால் இன்னும் நல்லது. வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். பல மெல்லிய இழைகள் கொண்ட வாகன வயரையே வாங்குங்கள். பற்றரிப் பக்கத்தில் தகுந்த பியூஸ் ஒன்றும் வையுங்கள்.

பழைய கட்அவுட் பெட்டியிலிருந்து எல்லா வயர்களையும் கழற்றுங்கள். ஏ, ஏ1 முனைகளில் இருந்தவற்றை ஒன்றாக இறுக்கி இணைத்து மூடுங்கள். லொறியின் விளக்குகளுக்கும் சாவிக்கும் மின் போகும் வழி அதுதான். டீ முனையில் தடித்த வயரோடு மெல்லிய வயர் ஒன்றும் இருந்திருக்கும். அது டாஷ்போர்ட்டின் சிவப்பு விளக்கிலிருந்து வருவது. அதை எப் முனையில் இருந்த வயரோடு இணையுங்கள். அந்த எப் வயரின் மறுநுனி முன்னால் டைனமோ இருந்த இடத்துக்கு வருகிறது அல்லவா? அதை அல்டனேற்றரின் எல் முனையில் செருகுங்கள். ஐஜி என்ற முனை இருந்தால் சாவி போட்டபின் மட்டும் மின் வரும் ஒரு வயரையும், எஸ் இருந்தால் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு வயரையும் கொடுங்கள். மிஞ்சிய பழைய தடித்த டீ வயரை இரு நுனியிலும் மூடிக் கட்டிவிடுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கு அழகுக்காக இருப்பதல்ல. சாவி போட்டதும் அதன் வழியாகப் போகும் சிறிதளவு மின்தான் உள்ளே இருக்கும் காந்தத்தை எழுப்புகிறது. பல்ப் எரிந்துபோயிருந்தால் பல அல்டனேற்றர்கள் வேலையையே தொடங்கா. எமது லொறியில் எல்லாம் பூட்டியபின் ஒரு பொழுது முழுதும் மண்டையைப் போட்டு உடைத்தோம். கடைசியில் பார்த்தால், ஒரு தம்பி நல்லெண்ணத்தில் அந்த இடத்தில் எல்ஈடி பல்ப் போட்டிருந்தார். எல்ஈடி ஊடாகப் போதிய மின் போகாது. 2 அல்லது 3 வோட் சாதாரண பல்ப் போட்டதும் வேலை செய்தது.

பழைய 30 அம்பியர் மீற்றர் இனி உண்மை காட்டாது. சிறிய வோல்ட்மீற்றர் ஒன்று பூட்டுவது நல்லது. இன்ஜின் ஓடமுன் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவு காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். எல்லா விளக்கும் வைப்பரும் போட்டபின்னும் 13 க்குக் கீழே இறங்கக்கூடாது. 15 ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுது. பற்றரி கொதித்து வற்றும், உடனே நிறுத்துங்கள்.

அனுபவமுள்ள பழைய சாரதிகளுக்கு ஒரு வார்த்தை. டைனமோக் காலத்தில் இன்ஜின் ஓடும்போதே பற்றரிக் கேபிளைக் கழற்றி, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பீர்கள். அல்டனேற்றரில் அதைச் செய்தால் வோல்ட் திடீரென எகிறி டயோட்கள் சாகும். வயரைச் சாசியில் தட்டிப் பொறி பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கரியரில் வெல்டிங் செய்யுமுன் பற்றரியையும் அல்டனேற்றர் வயர்களையும் கழற்றிவிடுங்கள். வேறு வாகனத்தின் பற்றரியிலிருந்து ஸ்டார்ட் எடுக்கும்போது நேர்முனைக்கு நேர்முனை என்பதை இருவர் பார்த்து உறுதிசெய்யுங்கள். மழை இரவில் ஒருவருக்கு மட்டும் கண் பிசகுவது எளிது.

முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் பெல்ட்டை மீண்டும் இறுக்க வேண்டியிருக்கும். இரு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அமர்த்தினால் அரை அங்குலம் தாழ்ந்தால் சரி. கழற்றிய டைனமோவை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதே டைனமோவோடு ஓடும் வேறு குடும்பங்கள் இருக்கின்றன. அதன் காபனும் பெயரிங்கும் அவர்களுக்கு உதவும்.

அடுத்த குழுக்கூட்டத்துக்கு வரும்போது, லொறி உள்ள ஒவ்வொரு குழுவும் மூன்று விடயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பற்றரியின் எந்த முனை சாசியில் இருக்கிறது, இரவில் எரியும் எல்லா விளக்குகளினதும் வோட் எவ்வளவு, இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது எல்லாவற்றையும் போட்டால் பற்றரியில் எத்தனை வோல்ட் காட்டுகிறது. வோல்ட்மீற்றர் இல்லாதவர்கள் எம்மிடம் இருப்பதை வாங்கிக்கொண்டு போகலாம். எமது லொறியையும் அன்று முற்றத்தில் பொனெற் திறந்து நிறுத்தி வைப்போம்.